டோட்டோரோ எமனா, கோக்கு அனுமாரா? அனிமே தியரிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அனிமே என்கிற ஜப்பானியக் கார்ட்டூன் பார்ப்பவன் என்று தெரிந்துவிட்டால் போதும். கல்யாணப் பந்தியில்கூட யாராவது ஒரு பையன் பக்கத்து இலையில் உட்கார்ந்து, "அண்ணா, ஷின்சான் செத்துட்டானாமே, நிஜமா?" என்று கேட்பான். அப்படி வந்த கேள்விகளில் திரும்பத் திரும்ப வந்தவை இங்கே இருக்கின்றன. நருட்டோ, டீமன் ஸ்லேயர், ஸ்பிரிட்டட் அவே ஆகியவற்றின் கதைத் திருப்பங்கள் தாராளமாக வெளிவரும். இன்னும் பார்க்காதவர்கள் அந்தக் கேள்விகளைத் தாண்டிப் போய்விடுங்கள்.

தியரி, குறியீடு இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. இந்தக் குழப்பம் தீர்ந்தால் பாதிக் கேள்விகள் தாமாகவே உதிர்ந்துவிடும்.

தியரி என்பது ரசிகரின் ஊகம். கதையில் காட்டாத ஏதோ ஒன்று நடந்திருக்கிறது, இதோ தடயம் என்று சொல்வது. குறியீடு என்பது கதை எழுதியவரும் அதை முதலில் பார்த்தவர்களும் பேசாமலே புரிந்துகொள்ளும் சங்கதி. நம் பழைய படங்களில் சாமி படத்துக்கு முன்னால் எரியும் விளக்கு சட்டென்று அணையும். குங்குமச் சிமிழ் கைதவறிக் கொட்டும். யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று கடைசி வரிசையில் வேர்க்கடலை கொறிப்பவருக்கும் தெரியும். அதையே ஒரு ஜப்பானியர் பார்த்தால், "மூன்றாவது காட்சியில் விளக்கு அணைந்ததை யாராவது கவனித்தீர்களா?" என்று பெரிய கட்டுரையே எழுதக்கூடும். அனிமேயில் நாம் மறைபொருள் என்று கண்டுபிடிக்கிற பலவும் அவர்கள் ஊர் விளக்குதான்.

டோட்டோரோ உண்மையில் சாவுக் கடவுளா? சின்னப் பெண் மேய் குளத்தில் மூழ்கி இறந்துவிட்டாளா?

இல்லை. ஆனால் அந்தத் தியரி எப்படிக் கட்டப்பட்டது என்பது சுவாரசியமானது.

ஹயாவோ மியாசாகியின் 'மை நெய்பர் டோட்டோரோ' 1988இல் வந்தது. அம்மா ஆஸ்பத்திரியில் இருக்க, சாட்சுகி, மேய் என்ற அக்கா தங்கை அப்பாவுடன் கிராமத்து வீட்டுக்குக் குடிவருகிறார்கள். பக்கத்துக் காட்டில் ஒரு பெரிய உருண்டைப் பிராணி இருக்கிறது. அவ்வளவுதான் கதை. தியரிக்காரர்கள் இதை 1963 மே 1 அன்று சைதாமா மாகாணத்தின் சயாமாவில் ஒரு பள்ளி மாணவி கடத்திக் கொல்லப்பட்ட வழக்கோடு முடிச்சுப் போடுகிறார்கள். சொல்லும் தடயங்கள் இவை: படத்தின் ஊர் சயாமா குன்றுகளை மாதிரியாக வைத்து வரையப்பட்டது. சாட்சுகி என்பது ஐந்தாம் மாதத்தின் பழைய ஜப்பானியப் பெயர், மேய் என்பது மே மாதம். குளத்தில் ஒரு செருப்பு கிடைக்கிறது. பூனைப் பேருந்தின் பெயர்ப்பலகையில் ஓடும் ஊர்ப் பெயர்களில் ஒன்று 'கல்லறைப் பாதை'. தொலைந்துபோன மேய் ஆறு ஜிசோ சிலைகளின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கடைசிக் காட்சிகளில் பெண்களுக்கு நிழல் விழவில்லை.

அடுக்கிச் சொன்னால் யாருக்கும் முதுகு சில்லிடும். ஆனால் ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள். சயாமா குன்றுகளை ஏன் வரைந்தார்? மியாசாகியின் வீடு அங்கே டோகொரோசாவாவில் இருக்கிறது, தினமும் பார்த்த இடம். இருவருக்கும் ஏன் மே மாதப் பெயர்? முதலில் கதையில் இருந்தது ஒரே பெண்தான். பிறகு அவளை இரண்டாகப் பிரித்தார்கள். படத்தின் போஸ்டரில் மழையில் டோட்டோரோவுக்குப் பக்கத்தில் நிற்பது இன்றும் ஒரே ஒரு பெண்தான், அவள் சாட்சுகியும் இல்லை, மேயும் இல்லை. குளத்துச் செருப்பு மேயினுடையது இல்லை என்று சாட்சுகியே படத்தில் சொல்லிவிடுகிறாள். கதை நடப்பது 1950களில், கொலை நடந்தது 1963இல். நிழல் விஷயத்துக்குப் படத்தை எடுத்த ஜிப்லி ஸ்டூடியோவே 2007 மே மாதம் பதில் சொன்னது: டோட்டோரோ சாவுக் கடவுள் இல்லை, மேய் சாகவில்லை, அந்தக் காட்சிகளில் நிழல் தேவையில்லை என்று வரையவில்லை. இதற்கெல்லாம் மேலாக, எழுத்து ஓடும்போது வரும் படங்களில் அம்மா வீடு திரும்பிப் பிள்ளைகளுக்குக் கதை வாசிக்கிறாள். எழுத்து ஓட ஆரம்பித்ததும் செருப்பைத் தேடுகிறவர்களுக்குத்தான் இந்தத் தியரி.

ஒரு தடயத்தை மட்டும் நான் தள்ளிவிட மாட்டேன். அது ஜிசோ. க்ஷிதிகர்ப்பர் என்ற போதிசத்துவர் ஜப்பானில் ஜிசோ ஆனார். பிள்ளைகளுக்கும் வழிப்போக்கர்களுக்கும் காவல் அவர். இறந்த குழந்தைகளையும் அவரே பார்த்துக்கொள்கிறார் என்பது நம்பிக்கை, அதனால்தான் சிலைகளுக்குச் சிவப்புத் துணி கட்டியிருப்பார்கள். வழி தவறிய ஒரு குழந்தை ஜிசோக்களின் மடியருகே அழுதபடி உட்கார்ந்திருக்கும் காட்சியில் சாவின் வாடை இருக்கத்தான் செய்கிறது. ஊர்க்காரர்கள் குளத்தைத் துழாவும்போது, அம்மா பிழைப்பாளா என்று பிள்ளைகள் பயப்படும்போது, நமக்கும் வயிற்றைக் கலக்குகிறது. மியாசாகியின் அம்மாவும் முதுகெலும்புக் காசநோயால் பல வருடம் படுக்கையில் இருந்தவர். அந்தப் பயம் படத்தில் இருக்கிறது. சாவு நடந்தேவிட்டது என்று அடித்துச் சொல்லும்போது அந்தப் பயமே காணாமல் போகிறது. காவல் தெய்வத்தின் பக்கத்தில் குழந்தை பத்திரமாக இருந்தது என்பதுதான் அந்தக் காட்சியைப் பார்க்கும் ஜப்பானியப் பாட்டிக்கு முதலில் தோன்றும்.

ஷின்சான் செத்துட்டானாமே?

இல்லை, தம்பி. தங்கை ஹிமாவாரியைக் காப்பாற்றப்போய் விபத்தில் இறந்தான், அம்மா அவன் நினைவாக கிரேயானில் வரைந்ததுதான் கதை என்று உலாவுகிறது. அப்படி ஒரு அத்தியாயம் எங்கும் கிடையாது. மங்கா, அதாவது மூலப் படக்கதை, 1990இல் தொடங்கியது, ஹிமாவாரி பிறந்ததே 1996இல். ஆறு வருடம் கழித்து வந்த தங்கையைக் காப்பாற்றி இறந்த கதையை, முதல் நாளிலிருந்து எப்படி அம்மா வரைந்துகொண்டிருக்க முடியும்? 2009இல் மலையேறப் போய்த் தவறி விழுந்து இறந்தவர் அதை எழுதி வரைந்த யோஷிட்டோ உசுய். அந்த உண்மைச் சோகத்தோடு இந்த வதந்தியும் ஒட்டிக்கொண்டது.

நோபிதா கோமாவில், ஆஷ் கோமாவில்... எல்லாரும் ஏன் கோமாவிலேயே இருக்கிறார்கள்?

தியரி எழுதுகிறவர்களிடம் ஒரே ஒரு அச்சு இருக்கிறது, எல்லா மாவையும் அதில்தான் பிழிகிறார்கள். டோரேமான் முழுக்கப் படுக்கையில் கிடக்கும் நோபிதாவின் கனவு என்பார்கள். போக்கிமானில் ஆஷ் முதல் எபிசோடில் மின்னல் தாக்கிக் கோமாவில் விழுந்தான், அவன் பத்து வயதிலேயே நிற்பதும் ஊர் ஊராக நர்ஸ் ஜாய் ஒரே முகத்தோடு இருப்பதும் அதனால்தான் என்பார்கள். அந்த நர்ஸ் சங்கதியைக் கண்டுபிடித்தவருக்கு என் வணக்கம், நிஜமாகவே ரசித்தேன்.

ஆனால் வயதாகாமல் இருப்பது ஜப்பானியத் தொடர்களில் ஒரு வழக்கம். 'சசாயே சான்' 1969 முதல் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கிறது, பிள்ளைகள் இன்னும் அதே வகுப்பில்தான். இதற்கு 'சசாயே சான் காலம்' என்று ஜப்பானியர்கள் பெயரே வைத்திருக்கிறார்கள். அவர்களுக்கு அது ஒரு கேள்வியே இல்லை.

டோரேமான் விஷயத்தில் இன்னொரு காரணமும் உண்டு. ஃபுஜிகோ எஃப். ஃபுஜியோ 1996இல் இறந்தபோது கதைக்கு முடிவு எழுதவில்லை. முடிவில்லாத கதைக்கு ஆளாளுக்கு ஒரு முடிவு. 2005இல் ஒரு ரசிகர் தாமே வரைந்து விற்ற முடிவில், பேட்டரி தீர்ந்து நின்றுபோன டோரேமானைச் சரிசெய்ய நோபிதா ஒழுங்காகப் படித்து, வளர்ந்து, ரோபோ விஞ்ஞானி ஆகிறான். பதிப்பகம் காப்புரிமைப் பிரச்சினை எழுப்பும் அளவுக்கு அது விற்றது. கோமாவைவிட இந்த முடிவு எவ்வளவோ மேல்.

எந்தத் தியரியாவது பலித்திருக்கிறதா?

பலித்திருக்கிறது. நருட்டோவில் டோபி என்ற முகமூடி வில்லன்தான், செத்துவிட்டதாக நம்பப்பட்ட ஒபிட்டோ என்று பல வருடம் ரசிகர்கள் கத்திக்கொண்டே இருந்தார்கள். ஒபிட்டோ தன் இடது கண்ணை நண்பன் ககாஷிக்குக் கொடுத்தவன், டோபியின் முகமூடியில் வலது கண்ணுக்கு மட்டும் ஓட்டை. பெயரிலும் தடயம்: ஒ, பி, டோ என்ற மூன்று எழுத்தில் முதலாவதை எடுத்துவிட்டு மீதியைத் திருப்பினால் டோபி. "இவ்வளவு சுலபமாகவா ஆசிரியர் கிஷிமோட்டோ வைப்பார்?" என்று சந்தேகப்பட்டவர்களில் நானும் ஒருவன். 2012இல் முகமூடி உடைந்தது. சுலபமாகத்தான் வைத்திருந்தார்.

டோட்டோரோ தியரிக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? டோபி தியரி கதைக்குள் இருந்த கேள்விக்குப் பதில் தேடியது. முகமூடி போட்ட ஒருவனைக் காட்டினால் யார் இவன் என்று கேட்கச் சொல்லி ஆசிரியரே அழைக்கிறார். டோட்டோரோ படத்தில் யாரும் அப்படி எதையும் மூடிவைக்கவில்லை.

ஜிராயா, சுனாதே, ஒரோச்சிமாரு மூவருக்கும் ஏன் தவளை, நத்தை, பாம்பு?

நருட்டோவின் இந்த மூன்று நிஞ்சாக்களும் கிஷிமோட்டோவின் கற்பனை இல்லை. எடோ காலத்துக் கதை ஒன்று, 1839 முதல் பல ஆண்டுகள் பகுதி பகுதியாக வெளிவந்தது. அதில் ஜிராயா தேரை மந்திரம் தெரிந்த கள்வன், சுனாதே அவன் மனைவி, அவளுக்கு நத்தை மந்திரம், ஒரோச்சிமாரு பாம்பு மந்திரம் கொண்ட எதிரி. மதுரை வீரன் கதை நம் ஊர்க் கூத்தில் ஓடியதுபோல அங்கே கபுகி என்ற நாடக மேடையிலும் ஓடியது.

மூன்று பிராணிகளும் தற்செயலாகச் சேரவில்லை. பாம்பு தவளையைத் தின்னும், தவளை நத்தையைத் தின்னும், நத்தையின் கோழை பாம்பைக் கரைத்துவிடும் என்பது பழைய நம்பிக்கை. அதனால் மூன்றும் ஒரே இடத்தில் சந்தித்தால் யாரும் அசைய முடியாது. கல், காகிதம், கத்தரிக்கோல் விளையாட்டுக்கு முன்பே ஜப்பானில் இதைக் கைவிரலால் விளையாடினார்கள். சன்னின் என்று நருட்டோவில் அழைக்கப்படும் இந்த மூவரும் மோதினால் ஏன் முடிவே வருவதில்லை என்று இப்போது புரிந்திருக்கும்.

நருட்டோ என்ற பெயருக்குள் தத்துவம் தேடாதீர்கள். ராமெனில் போடும், நடுவில் இளஞ்சிவப்புச் சுழி வரைந்த மீன் கேக்கின் பெயர் அது. நருட்டோ நீரிணையின் நீர்ச்சுழிகளும் பிரபலம். உசுமாகி என்றாலும் சுழிதான்.

ஒன்பது வால் நரிக்கும் இந்தியாவுக்கும் சம்பந்தம் உண்டு என்கிறார்களே?

உண்டு, நிறையப் பேருக்குத் தெரியாது. நருட்டோவின் ஒன்பது வால் நரியான குராமாவுக்குப் பின்னால் இருக்கும் பழைய கதை தமாமோ நோ மாயே. 12ஆம் நூற்றாண்டில் டோபா பேரரசரின் அரண்மனையில் இருந்த பேரழகி, பேரறிவாளி. பேரரசர் நாளுக்கு நாள் நலிவடைய, சோதிடர் அவள் ஒரு நரி என்று கண்டுபிடிக்கிறார். துரத்திக் கொன்றதும் அவள் கல்லாகிறாள்.

கதை வளர்ந்தபோது அதற்கு முற்பிறப்புகளும் சேர்ந்தன. அதே நரி சீனாவில் ஒரு அரசியாக இருந்து அரசைக் கெடுத்தது. அதற்கும் முன் இந்தியாவில் ஹன்சோகு என்ற இளவரசனை மயக்கி ஆயிரம் பேரின் தலையைக் கொய்யத் தூண்டியது. ஹன்சோகு வேறு யாருமில்லை, நம் புராணங்களில் சாபத்தால் மனிதரைத் தின்னும் அரக்கனான கல்மாஷபாதன்தான். பௌத்தக் கதைகளோடு சேர்ந்து அவன் ஜப்பான்வரை நடந்து போயிருக்கிறான்.

நரி அங்கே எப்போதும் கெட்டதும் இல்லை. நெல்லுக்கும் செழிப்புக்கும் உரிய இனாரி தெய்வத்தின் தூதுவர்கள் வெள்ளை நரிகள். கியோட்டோவின் ஃபுஷிமி இனாரி கோயிலில் வாயிலுக்கு வாயில் நரிச் சிலை. ஊரை அழித்த நரியே கடைசியில் நருட்டோவுக்குத் தோழனாவது ஒரு ஜப்பானியக் குழந்தைக்கு விநோதமாகத் தெரியாததற்கு இதுதான் காரணம்.

அந்தக் கல் டோச்சிகி மாகாணத்து நாசுவில் இருக்கிறது. எரிமலைப் பகுதி, விஷவாயு கசியும் இடம், தொட்டால் சாவு என்று பெயர். 2022 மார்ச்சில் அது இரண்டாகப் பிளந்தது. மழைநீர் விரிசலில் இறங்கி உறைந்திருக்கும் என்றார்கள் அங்கிருப்பவர்கள். நரி வெளியே வந்துவிட்டது என்றது மீதி உலகம். நான் அன்றைக்கு மீதி உலகத்தின் பக்கம் இருந்தேன்.

பெய்னின் ஆறு பாதைகள், இந்திரன், அசுரன் எல்லாம் இந்து மதத்திலிருந்து எடுத்தவையா?

வேர் இந்தியாவில், வந்த வழி பௌத்தம். தேவர், அசுரர், மனிதர், விலங்கு, பிரேதம், நரகர் என்று ஆறு பிறப்பு உண்டு, வினைக்கேற்ப உயிர்கள் இவற்றில் சுழலும் என்பது ஜப்பானில் கோயிலுக்குப் போகும் யாருக்கும் தெரிந்த கணக்கு. நருட்டோவின் வில்லன் பெய்ன் இயக்கும் ஆறு உடல்களும் அந்த ஆறு. அசுரப் பாதைக்கு மூன்று முகம், ஆறு கை வைத்திருப்பதும் அதுபோலத்தான். நாராவின் கோஃபுகுஜி கோயிலில் 734ஆம் ஆண்டுச் சிலை ஒன்று அப்படியே நிற்கிறது, பள்ளிப் பாடப்புத்தகத்தில் வரும் சிலை.

தமிழ் வாசகருக்கு இதில் ஒரு தனி ருசி. மணிமேகலையும் பௌத்த நூல், அதிலும் அறுவகைப் பிறப்பு வருகிறது: மக்கள், தேவர், பிரமர், நரகர், விலங்கு, பேய். அசுரர் இருக்க வேண்டிய இடத்தில் பிரமர். கிஷிமோட்டோ காவிரிப்பூம்பட்டினத்தில் பிறந்திருந்தால் பெய்னுக்கு ஓர் ஆயுத உடல் குறைந்திருக்கும்.

ஷினிகாமி என்றால் நம் எமனா?

இரண்டும் வேறு. ஷினிகாமி என்றால் சாவுக் கடவுள். எமனுக்கு அங்கே நேர் வாரிசு என்மா. டிராகன் பாலில் மேசை போட்டு உட்கார்ந்து, செத்தவர்களுக்குச் சொர்க்கமா நரகமா என்று முத்திரை குத்துகிறாரே, அந்தப் பெரிய மீசைக்காரர்தான். ஒன் பீஸில் ஜோரோவின் வாளுக்கும் அதே பெயர்.

ப்ளீச், டெத் நோட் ஆகியவற்றில் வரும் ஷினிகாமி அவ்வளவு பழசு இல்லை. சாவை ஓர் ஆளாகக் காட்டும் வழக்கத்தைப் பரப்பியதில் ராகுகோ என்ற கதைசொல்லும் கலைக்குப் பங்குண்டு. மெய்ஜி காலத்தில் சன்யூதேய் என்ச்சோ என்ற கலைஞர் ஐரோப்பியக் கதையைத் தழுவி 'ஷினிகாமி' என்ற கதையைச் சொன்னார். கிரிம் சகோதரர்கள் தொகுத்த, சாவையே ஞானத்தந்தையாகக் கொண்ட மருத்துவன் கதை அதற்கு மூலம் என்பார்கள். ஆதிகால ஜப்பானியக் கடவுள் என்று டெத் நோட்டின் ரியுக்கை அறிமுகப்படுத்தும் காணொளிகளை நம்ப வேண்டாம்.

சாமிகள் பேச்சு வந்ததால் ஒன்று. சரஸ்வதி அங்கே பென்சைதென், பிள்ளையார் காங்கிதென், ஸ்கந்தன் இடாதென். ஜப்பானில் வேகமாக ஓடுகிறவனை 'இடாதென் மாதிரி' என்பார்கள். உலகத்தைச் சுற்றும் பந்தயத்தில் அண்ணனிடம் தோற்ற நம் முருகனுக்குக் கடல் கடந்து கிடைத்த நியாயம் என்று எடுத்துக்கொள்கிறேன்.

கோக்கு அனுமாரா?

நேரடியாக இல்லை. சுற்றிவளைத்து, இருக்கலாம்.

டிராகன் பால் நாயகன் கோக்குவின் முழுப் பெயரான சொன் கோக்கு என்பது 'மேற்கு நோக்கிய பயணம்' என்ற சீன நாவலின் குரங்கு வீரன் சுன் வூகொங்கின் பெயரை ஜப்பானிய உச்சரிப்பில் படிப்பதுதான். நீளும் தடி, பறக்கும் மேகம், குரங்கு வால் எல்லாம் அங்கிருந்து வந்தவை. வூகொங் என்றால் வெறுமையை உணர்ந்தவன் என்று பொருள். அந்தப் பெயரை எப்போதும் பசித்திருக்கும் ஒரு பையனுக்கு வைத்தது ஆசிரியர் டொரியாமாவின் குறும்பு.

அந்தச் சீனக் குரங்கு எங்கிருந்து வந்தது என்பதில் சீன அறிஞர்களே மோதிக்கொண்டார்கள். ஹூ ஷி அனுமனைக் காட்டினார். லூ சுன் மறுத்து, சீன நீர்க்குரங்குக் கதை ஒன்றைக் காட்டினார். இன்றும் தீராத வழக்கு. இங்கேதான் தமிழர்கள் உள்ளே வருகிறார்கள். சீனத்தின் சுவான்ஜோ துறைமுகத்தில் தமிழ் வணிகர்கள் சிவன் கோயில் கட்டியிருந்தார்கள், 1281ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு அங்கே கிடைத்திருக்கிறது. அந்தக் கோயிலின் தூண்கள் இப்போது அதே ஊர் கையுவான் பௌத்தக் கோயிலில் நிற்கின்றன. அந்தக் கோயில் வளாகத்தின் 13ஆம் நூற்றாண்டுக் கோபுரத்தில் வாளேந்திய குரங்கு வீரன் ஒருவனின் புடைப்புச் சிற்பமும் இருக்கிறது. நாவல் எழுதப்படுவதற்கு முன்னூறு வருடம் முந்தையது. இது அனுமனை நிரூபிக்காது. ஆனாலும் இராமாயணம் கேட்டு வளர்ந்த ஆட்கள் அதே தெருவில் நடமாடினார்கள் என்று நினைத்துப் பார்க்க நன்றாக இருக்கிறது.

சூப்பர் சயானின் பொன்னிற முடிக்கு என்ன தத்துவம்?

மை மிச்சம். சூப்பர் சயான் என்பது கோக்கு பலம் கூடி மாறும் வடிவம். மங்கா கறுப்பு வெள்ளை, கோக்குவின் கறுப்பு முடியை ஒவ்வொரு கட்டத்திலும் நிரப்ப உதவியாளருக்கு நேரம் பிடித்தது. வெள்ளையாக விட்டால் வேலை குறையும் என்று டொரியாமாவே சொல்லியிருக்கிறார். சயான் என்ற பெயரும் காய்கறி என்பதற்கான ஜப்பானியச் சொல் 'யசாய்' என்பதன் அசையை மாற்றிப் போட்டதுதான். ககரோட் கேரட், ராடிட்ஸ் முள்ளங்கி, வெஜிட்டா சொல்லவே வேண்டாம். உழவர் சந்தைக்குள் நடக்கும் சண்டை அது.

எவாஞ்சலியனில் அத்தனை சிலுவைகள் எதற்கு?

பார்க்க நன்றாக இருந்ததால். 1995இல் வந்த இந்தத் தொடரில் ஆதாம், லிலித், லாஞ்ஜினசின் ஈட்டி, சாக்கடல் சுருள்கள், வெடிக்கும்போதெல்லாம் வானத்தில் சிலுவை என்று கிறிஸ்தவ, யூத அடையாளங்கள் கொட்டிக் கிடக்கும். துணை இயக்குநர் கசுயா சுருமாகி 2001இல் விளக்கம் தந்தார். ராட்சத ரோபோ தொடர்கள் ஏராளம், அவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிவதற்காகச் சேர்த்தோம், கிறிஸ்தவம் ஜப்பானில் பரவலாக இல்லாததால் அது மர்மமாகத் தெரியும், கிறிஸ்தவக் கருத்து எதுவும் உள்ளே இல்லை என்றார். மேலைநாடுகளிலும் ஓடும் என்று தெரிந்திருந்தால் யோசித்திருப்போம் என்றும் சொன்னார்.

நம் ஊரில் டி-ஷர்ட்டில் சீன எழுத்துப் போட்டுக்கொண்டு திரிகிறோமே, அதன் மறுபக்கம் இது. ஆனால் இதை வைத்து எவாஞ்சலியனில் அர்த்தமே இல்லை என்று சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. அதன் கனம் சிலுவையில் இல்லை. அப்பாவுக்குப் பயந்து ரோபோவில் ஏறும் ஒரு பதினான்கு வயதுப் பையனிடம் இருக்கிறது.

டீமன் ஸ்லேயரில் உடைகளுக்கு அர்த்தம் உண்டா?

இதில் நிஜமாகவே உண்டு. கதை தைஷோ காலத்தில், அதாவது 1912க்கும் 1926க்கும் இடையில் நடக்கிறது. துணியில் இருக்கும் பல வடிவங்கள் பழைய ஜப்பானிய நெசவில் பெயருள்ளவை. நாயகன் தன்ஜிரோவின் தங்கை நெசுகோவின் கிமோனோவில் இருப்பது சணல் இலைக் கோலம். சணல் செடி நேராக, வேகமாக வளரும், அதனால் அதைப் பச்சைக் குழந்தைகளின் துணியில் போடுவார்கள், கெட்டது அண்டாது என்று நம்பிக்கை. நம் வீட்டில் பிள்ளைக்கு வசம்பு வளையல் போடுவதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கையைக் காப்பதே கதையாக இருக்கும் ஒரு தொடரில் அந்தத் தங்கைக்கு இந்தத் துணி. அவர்கள் தோழன் ஜெனிட்சுவின் உடையில் இருக்கும் முக்கோணங்கள் பாம்பு, மீன் செதில், அதுவும் தீமையை விரட்டுவது. தன்ஜிரோவின் கட்டம் இச்சிமாட்சு, 18ஆம் நூற்றாண்டுக் கபுகி நடிகர் ஒருவர் அதை உடுத்திப் பிரபலமாக்கியதால் அவர் பெயரே நிலைத்தது.

இந்த வடிவங்களைப் பதிப்பகம் வணிக முத்திரையாகப் பதியக் கேட்டபோது வேடிக்கை நடந்தது. கியூ, ஷினோபு, ரெங்கோக்கு ஆகியோரின் உடைகள் பதிவாயின. தன்ஜிரோ, நெசுகோ, ஜெனிட்சு மூவருடையதும் 2021இல் மறுக்கப்பட்டன. சாதாரண அலங்கார வடிவங்களாகத்தான் அவை தெரிகின்றன என்பது காரணம்.

தன்ஜிரோவின் காதணி ஹனஃபுடா என்ற ஜப்பானிய விளையாட்டுச் சீட்டு மாதிரி இருக்கும், அதில் உதயசூரியன். அந்தக் கதிர் வடிவம் ஜப்பானிய ஏகாதிபத்தியக் கொடியை நினைவூட்டுவதால் கொரியாவில் எதிர்ப்பு வந்தது, அங்கே வெளியானபோது வடிவத்தை மாற்றினார்கள். கதையில் வரும் சூரிய மூச்சு என்ற வாள்வித்தைப் பரம்பரையின் சின்னம் ஒருவருக்கு, ஆக்கிரமிப்பின் தழும்பு இன்னொருவருக்கு. இதில் ஆசிரியரின் நோக்கம் என்ன என்று மட்டும் கேட்டு முடித்துவிட முடியாது.

யாராவது சாகும்போது வரும் சிவப்புப் பூ செங்காந்தளா?

பார்வைக்கு அப்படித்தான் தோன்றும், செடி வேறு. அது ஹிகன்பனா. ஹிகன் என்றால் அக்கரை, பிறவிக் கடலின் அந்தப் பக்கம். இலையுதிர் காலத்தில் பகலும் இரவும் சமமாகும் நாட்களை ஒட்டி, முன்னோர் கல்லறைக்குப் போகும் வாரத்தில், சொல்லிவைத்தாற்போலப் பூக்கும். கிழங்கு விஷம், அதனால் எலி, பெருச்சாளி வராமல் இருக்கக் கல்லறை ஓரத்திலும் வயல் வரப்பிலும் நட்டார்கள். பூ இருக்கும்போது இலை இருக்காது, இலை வரும்போது பூ இருக்காது, ஆகவே பிரிவுக்கும் அதுவே அடையாளம். செங்காந்தள் கிழங்கும் விஷம்தான். ஆனால் சங்கப் புலவர்கள் அதைப் பார்த்துப் பெண்ணின் விரலை நினைத்தார்கள்.

டீமன் ஸ்லேயரில் அரக்கர் தலைவன் முசான் ஆயிரம் வருடமாகத் தேடும் நீல மலர் இந்த இனம்தான். பகலில் மட்டும் பூக்கும் மலரை, வெயிலில் வர முடியாதவன் தேடிக்கொண்டிருந்தான் என்பது பிறகு தெரிய வந்தது.

சோற்றில் நட்டுவைத்த குச்சி, நான்காம் எண்: இவையும் குறியீடா?

ஆம். சோற்றில் சாப்பிடும் குச்சியைச் செங்குத்தாக நடுவது இறந்தவருக்குப் படைக்கும் முறை. நான்கு என்பதன் ஓர் உச்சரிப்பு 'ஷி', சாவுக்கும் அதே ஒலி. கிமோனோவில் வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் விதம். ஆனால் நருட்டோவின் கிராமத் தலைவரான நான்காம் ஹோகாகே செத்ததற்கும் எண்ணுக்கும் சம்பந்தமில்லை. மற்ற ஹோகாகேக்கள் மட்டும் நன்றாகவா வாழ்ந்தார்கள்?

ஸ்பிரிட்டட் அவேயில் சிஹிரோ தன் பெயரைத் தப்பாக எழுதினாளா?

எனக்கு மிகவும் பிடித்த தியரி இது. 2001இல் வந்த இந்தப் படத்தில் சிஹிரோ தெய்வங்களின் குளியல் விடுதிக்குள் மாட்டிக்கொள்கிறாள். முதலாளி யுபாபா ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கி, அவள் பெயரிலிருந்து எழுத்துகளைப் பிடுங்கிக்கொண்டு, சென் என்று சுருக்கிவிடுகிறாள். பெயரை மறந்தால் வீடு திரும்ப முடியாது. ஹாக்கு அப்படித்தான் சிக்கிக்கிடக்கிறான். தன் பெயர் ஒரு நதியின் பெயர் என்பது சிஹிரோவால்தான் அவனுக்கு நினைவு வருகிறது. சொல்லுக்கு உயிர் உண்டு, பெயரைப் பிடித்தவன் ஆளைப் பிடித்தவன் என்பது ஜப்பானில் பழைய நம்பிக்கை.

இப்போது அந்தக் கையெழுத்தை நிறுத்திப் பாருங்கள். அவள் குடும்பப் பெயர் ஒகினோ. அதன் முதல் எழுத்துக்குள் 'தீ' என்ற சின்ன வடிவம் இருக்க வேண்டும். அவள் எழுதியதில் அந்த இடத்தில் 'நாய்' என்ற வடிவம் இருக்கிறது. ரசிகர்கள் சொல்வது: எழுதிக்கொடுத்தது அவள் பெயரே இல்லை, ஆகவே யுபாபாவால் அவளை முழுசாகப் பிடிக்க முடியவில்லை. பத்து வயதுப் பெண் பதற்றத்தில் செய்த எழுத்துப்பிழை என்றும் படிக்கலாம், படம் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை. ஆனால் இந்தத் தியரி படத்தின் விதிக்குள்ளேயே நிற்கிறது, யாரையும் சாகடிக்கவும் இல்லை.

யுபாபா பிடுங்கியதில் இன்னொன்றும் இருக்கிறது, ஜப்பானிய எழுத்துத் தெரிந்தவர்களுக்கு உடனே உறைக்கும். சிஹிரோவில் முதல் எழுத்து ஆயிரம். இரண்டாவது, இரு கையையும் விரித்தால் வரும் அளவு, கடலாழத்தை அளப்பது. நம் கடற்கரையில் பாகம் என்கிறார்களே, அதுதான். ஆயிரம் பாகம் ஆழமான பெண்ணிடமிருந்து ஆழத்தை எடுத்துக்கொண்டு, வெறும் எண்ணை மட்டும் அவளுக்கு விட்டுவைக்கிறாள் கிழவி.